மூடி வைக்காத படலம்

ஐந்து படலங்களில் நாலாவது மட்டும் ஏன் அத்தனை வெளிச்சம் தந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாமலேயே அதை என் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயமாக எழுதி முடித்திருந்தேன். மாதக் கடைசிக்குள் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. கொடுக்காவிட்டால் பதிவுக் காலம் முடிந்துவிடும். மகள் பிறந்தபோது ஒருமுறை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. இன்னும் ஒரே ஒருமுறைதான் கேட்க முடியும்.

நான் என்ன ஆராய்ச்சி செய்கிறேன் என்று எங்கள் பிளாக்கில் யாராவது கேட்டால், எல்.இ.டி. பல்பு என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வேன். உடனே, எந்தக் கம்பெனி பல்பு வாங்கலாம் என்று கேட்பார்கள். அது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது, பல்பில் இருக்கும் சின்னச் சில்லுக்குள் உண்டாகும் ஒளியில் ஒரு பெரும் பங்கு வெளியே வர முடியாமல் உள்ளேயே மாட்டிக்கொள்கிறது என்பதுதான். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, கண்ணுக்கு மேலே தூக்கிப் பிடித்து, பக்கத்திலிருந்து சாய்வாகத் தண்ணீரின் மேற்பரப்பைப் பார்த்தால் தெரியும். மேலே ஓடும் மின்விசிறி தெரியாது. மேற்பரப்பு ரசம் பூசிய கண்ணாடிபோல மின்னி, உள்ளே இருப்பதையே திருப்பிக் காட்டும். சில்லுக்குள் இருக்கும் ஒளிக்கும் அதே கதிதான். நேராக மேலே வருவது வெளியேறிவிடும். சாய்ந்து வருவது மோதித் திரும்பி, உள்ளேயே சுற்றி, கடைசியில் வெறும் சூடாகிப் போகும். மேலே சொரசொரப்பான ஒரு படலத்தை ஒட்டினால், திரும்பிப் போகிற ஒளி ஒவ்வொரு முறையும் வேறு கோணத்தில் வந்து மோதும். ஏதாவது ஒரு தடவை தப்பித்து வெளியே வந்துவிடும்.

என் கணவருக்கு மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பராமரிப்பு வேலை. நான் இதையெல்லாம் சொன்னபோது, "நாங்க மண்ணைத் தள்ளிட்டு அடியில கிடக்கற கரியை எடுக்கறோம். நீ பல்புக்குள்ள புதைஞ்சு கிடக்கற வெளிச்சத்தை எடுக்கற. ஒரே டிபார்ட்மெண்ட்தான்" என்றார். அதற்குப் பிறகு அவரும் விளக்கம் கேட்கவில்லை.

படலத்துக்கு நான் எடுத்துக்கொண்டது சேப்பங்கிழங்கு இலை. குவார்ட்டர்ஸின் பின்பக்கம், சமையலறைத் தண்ணீர் போகிற இடத்தில், நாங்கள் குடிவரும் முன்பே முளைத்திருந்த செடி. அந்த இலையில் தண்ணீர் ஒட்டாமல் முத்தாக உருளுவதற்குக் காரணம், கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன மேடுகள். இலையை ஒரு தட்டில் விரித்து அதன்மேல் சிலிகான் ஊற்றி, இரண்டு நாள் அசையாமல் வைத்து உரித்தால், இலையின் மேடுகளெல்லாம் சிலிகானில் பள்ளங்களாக இருக்கும். அதை வெட்டி, பள்ளம் உள்ள பக்கம் மேலே இருக்கும்படி சில்லின்மேல் ஒட்ட வேண்டும். பல்கலைக்கழக ஆய்வகத்தில் எல்லா வசதியும் உண்டு. ஆனால் பஸ்ஸில் கொண்டுபோவதற்குள் இலை வாடிவிடும். இலை வாடினால் மேடுகளும் வாடிவிடும். அதனால் ஊற்றுவதை வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். பின்னறை மேசையில் தட்டை வைத்து, தூசி விழாமல் ஓர் எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து மூடிவிடுவேன். அளப்பது மட்டும் ஆய்வகத்தில்.

அளந்தபோது முதல் மூன்று படலமும் ஐந்தாவதும் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் செய்யவில்லை. வெறும் சமதளப் படலத்தைவிட ஒரு துளி அதிகம், அவ்வளவுதான். நாலாவது மட்டும் தனியாக எகிறி நின்றது. நெறியாளர் மேடம் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். அவர் யார் தோளையும் தட்டி நான் பார்த்ததில்லை.

"இதைச் சுத்தித்தான் அத்தியாயம். மத்ததெல்லாம் 'இலையின் வளர்ச்சியைப் பொறுத்து மாறுகிறது'ன்னு போட்டுடு" என்றார்.

வேறு யாராவது என்றால் இனிப்பு வாங்கிக்கொண்டு வீடு போயிருப்பார்கள். நான் கேஸ் குமிழை மூன்று தரம் தொட்டுப் பார்த்துவிட்டுப் படுக்கிறவள். தூங்குகிற குழந்தையின் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்து, அதனாலேயே அவளை எழுப்பிவிடுகிறவள். எண் நன்றாக வந்ததும் எனக்கு முதலில் வந்த எண்ணம், நான் எங்கே தப்பு செய்தேன் என்பதுதான். அத்தியாயத்தை எழுதும்போதெல்லாம் அந்த எண்ணம் கூடவே உட்கார்ந்திருந்தது. முடித்த பிறகு ஒருநாள், நாலாவது படலத்தில் மீந்திருந்த துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடியில் மூச்சு விட்டால் படியுமே, அதுபோல ஒரு மெல்லிய வெண்மை. அதுவும் பள்ளங்கள் உள்ள பக்கத்தில் இல்லை, பின்பக்கத்தில். ஊற்றிவைத்தபோது மேலே திறந்து கிடந்த பக்கம் அது. ஒட்டும்போது அதுதான் சில்லின்மேல் படியும் என்பதால், ஒட்டிய பிறகு அதைப் பார்க்க முடியாது. மற்ற நாலின் மீதித் துண்டுகளையும் எடுத்துப் பார்த்தேன். தண்ணீர்போலத் தெளிவாக இருந்தன.

நோட்டைப் புரட்டினேன். நாலாவதை ஊற்றியது ஒரு வியாழக்கிழமை மாலை. அப்படியானால் மறுநாள் வெள்ளி. செவ்வாயும் வெள்ளியும் மகளுக்கு எண்ணெய்க் குளியல். மற்ற நாலும் செவ்வாயோ வெள்ளியோ வராத நாட்களில் இறுகியவை. அப்படியானால் குளியல் நாளில்தான் அதன்மேல் ஏதோ படிந்திருக்கிறது.

மகளைக் குளிப்பாட்ட மந்தாரக்குப்பத்திலிருந்து ஓர் அக்கா வருவார். அவர் வீட்டுக்காரர் கான்ட்ராக்ட் வேலையில் இருந்தார். அக்காவுக்குக் கால் நீட்டி உட்கார்ந்தால் போதும், எப்பேர்ப்பட்ட குழந்தையும் அந்தக் கால்மேல் அடங்கிவிடும். அடுத்த முறை வந்தபோது, அவர் மகளின் முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கையில், நான் வாசற்படியில் நின்று கேட்டேன்.

"அக்கா, போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை, பின்ரூம் மேசையில ஒரு தட்டை மூடி கிண்ணம் கவுத்து வெச்சிருந்தேன். அந்தக் கிண்ணத்தை நீங்க எடுத்தீங்களா?"

தேய்த்த கை நின்றது. "இன்னாம்மா, கிண்ணம் காணோமா?"

"காணோம்னு இல்லக்கா. இருக்கு."

"இருக்கிற கிண்ணத்த எடுத்தனான்னு கேட்டுக்கினு நிக்கிற? அஞ்சு வூட்டுல புள்ள குளிப்பாட்டிக்கினு இருக்கேன். ஒரு வூட்டுல ஒரு ஸ்பூனு போச்சுன்னு பேரு கெடையாது."

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. "ஐயோ, அப்படி இல்லக்கா. என் படிப்புக்காகக் கேக்கறேன்."

"கிண்ணத்தப் பத்தியா படிக்கிற நீ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. குழந்தையைத் திருப்பிப் போட்டு, நெஞ்சில் எண்ணெய் வைத்து, சற்று யோசித்தார்.

"எடுத்தேன். பயத்தமாவு கரைக்க ஏனம் குடுன்னு கேட்டேன். நீ போன்ல பேசிக்கினே, அங்க இருக்கு எடுத்துக்குங்கன்னு கை காட்டுன. எடுத்தேன். கீழ எலை மேல என்னமோ கூழு மாதிரி ஊத்தி வெச்சிருந்த. உங்க ஊர்ப் பக்கத்துப் பலகாரம் போலன்னு நெனச்சிக்கினேன். தொடலம்மா."

"திரும்ப மூடினீங்களா?"

"மாவு கரைச்ச ஏனத்தக் கழுவாம எப்பிடி மூடுறது? கழுவி, கொழாயாண்ட கவுத்துட்டுப் போனேன்."

"அன்னைக்குச் சாம்பிராணி போட்டீங்க, இல்லையாக்கா?"

"வெள்ளிக்கெழம போடாம?"

"புகை மேசைப் பக்கம் போச்சா?"

"அதுக்கு வழி சொல்லியாம்மா அனுப்புவாங்க? ரூமு பூராத்தான் போச்சு."

"அந்த மாவு பறந்து விழுந்திருக்குமோ?"

"பாத்ரூமுல தண்ணில கரைச்ச மாவு எங்க பறக்கும்? பறந்தது பவுடரு." அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அது நான் போடல. நீ போட்ட. டாக்டரு வேணாம்னாருன்னு உங்க வூட்டுக்காரரு பீரோ மேல தூக்கி வெச்சாரே அந்த டப்பா. அத எறக்கி, கதவ சாத்திக்கினு, அக்கா அவருகிட்ட சொல்லிடாதீங்கன்னு சொல்லிட்டு, அந்த மேசை மேலயே புள்ளயப் போட்டுத்தான் அடிச்ச. மறந்துட்டியா?"

மறந்துதான் போயிருந்தேன். அன்று மகளின் கழுத்து மடிப்பில் வேர்வைக்குச் சிவந்திருந்தது. பவுடர் போட்டால் ஈரம் வாங்கும் என்று தோன்றியது. போட்டு முடித்ததும், குழந்தை அந்தத் தூளை மூச்சில் இழுத்திருப்பாளோ என்ற பயம் வந்து, ஜன்னலைத் திறந்து, விசிறியைச் சுழலவிட்டு, நாள் முழுக்க அவள் தும்முகிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த விசிறி எதை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்று பார்க்கவில்லை. மாலையில் தட்டு திறந்து கிடப்பதைக் கண்டு கிண்ணத்தை எடுத்து மூடியிருப்பேன். அதுகூட நினைவில் இல்லை. நோட்டில் வெப்பநிலை இருக்கிறது, கலவை அளவு இருக்கிறது. பவுடர் இல்லை.

பவுடர் துகள் சிலிகானில் புதைந்திருந்தால் ஒளியைச் சிதறடிக்கும். சிதறினால் மாட்டிக்கொண்ட ஒளி கோணம் மாறி வெளியே வரும். அதாவது, இலை செய்ததாக நான் எழுதியதைப் பவுடர் செய்திருக்கலாம். சாம்பிராணிப் பிசின் ஆவியாகிப் படிந்தும் செய்திருக்கலாம். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். இலையேகூடச் செய்திருக்கலாம்.

மாதக் கடைசிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. புதிய இலை பறித்து மூன்று தட்டு ஊற்றினேன். ஒன்றை மூடி வைத்தேன். ஒன்றைப் பின்பக்கச் சைக்கிள் கொட்டகையில் வைத்து, மகளை அக்காவிடம் கொடுத்து முன்னறைக்கு அனுப்பிவிட்டு, சாம்பிராணி போட்டேன். மூன்றாவதுக்குப் பவுடர். இங்கேதான் சிக்கல். அன்று எத்தனை தட்டுத் தட்டினேன்? எந்தப் பக்கமிருந்து? குழந்தை கையைக் காலை உதைத்துத் தூளைக் கிளப்பியிருப்பாள். அவளை மறுபடி அந்தத் தூளுக்குள் படுக்க வைக்க முடியாது. ஆகவே மேசைமேல் ஒரு துணியை மடித்துப் போட்டு, மகள் இருப்பதாக நினைத்துக்கொண்டு, கழுத்து இருக்கும் இடத்தில் இரண்டு, அக்குள் இருக்கும் இடத்தில் ஒவ்வொன்று என்று பஞ்சால் ஒற்றினேன். ஒற்றிவிட்டு, உதைப்பதற்குப் பதிலாகத் துணியை உதறினேன்.

அந்த நேரத்தில் கணவர் முதல் ஷிப்ட் முடிந்து சாப்பிட வந்தார். பின்னறைக் கதவைத் தள்ளியவர் அப்படியே நின்றார்.

"என்ன பண்ற?"

"பவுடர் போடறேன்."

"யாருக்கு?"

"யாருக்கும் இல்லங்க."

முன்னறையில் அக்காவின் மடியில் மகள் இருப்பதைத் திரும்பி ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு மேசையில் கிடந்த துணியைப் பார்த்தார்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்லையே உனக்கு?"

அப்போது சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. கிண்ணம், சாம்பிராணி என்று சுற்றி வளைத்து, கடைசியில் பவுடருக்கு வந்தேன். அவர் முகம் மாறியது.

"டாக்டர் அவ்வளவு தூரம் சொன்னாரே."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"கழுத்து செவந்திருந்துச்சு. ஒருநாள்தான் போட்டேன்." சொல்லும்போதே, ஒருநாள்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. "ரெண்டு நாளா இருக்கலாம்."

முன்னறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "ரெண்டு நாளுதான் சார். நான் பாத்துக்கினுதான் இருந்தேன்."

அவர் கை கழுவப் போனார். சாப்பிட்டார். தட்டை எடுத்து வைத்துவிட்டு வந்து, டப்பாவை மறுபடி பீரோமேல் வைக்கக் கை நீட்டியவர், நிறுத்தி, "இது இன்னும் உனக்கு வேணுமா, படிப்புக்கு?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டாரா, உண்மையாகவே கேட்டாரா என்று எனக்குப் புரியவில்லை. வேணும் என்றேன். என் புத்தகங்கள் இருக்கும் அலமாரியில் வைத்துவிட்டுப் போனார்.

மூன்று படலங்களையும் எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனேன். சாம்பிராணிப் படலம் மஞ்சளடித்து, வெளிச்சம் குறைந்திருந்தது. பவுடர்ப் படலம் மூடி வைத்ததைவிட நன்றாகவே பிரகாசித்தது. அத்தோடு நின்றிருந்தால் எனக்கு ஒரு விடை கிடைத்திருக்கும். ஆனால் பவுடர்ப் படலம் நாலாவதின் உயரத்துக்குப் போகவில்லை. அதைவிடக் குழப்பம், மூடி வைத்த படலமே முன்பு மூடி வைத்த மற்ற நாலு படலங்களையும்விட அதிகமாகக் காட்டியது. அதன்மேல் எதுவும் விழவில்லை. கிண்ணத்தை ஒரு நிமிடம்கூட நான் எடுக்கவில்லை. நடுவில் ஒரு வாரம் மழை பெய்து செடி புது இலை விட்டிருந்தது. இவை இளம் இலைகளா? அப்படியானால் நாலாவதும் இளம் இலையாக இருந்ததா? எந்த இலை, எத்தனை நாள் இலை என்று நான் குறித்து வைக்கவே இல்லை. இலையை ஆராய்கிறவள் இலையைப் பற்றி எழுதாமல், அறையின் வெப்பநிலையை எழுதியிருக்கிறாள்.

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பேபி பவுடரா?"

"ஆமாம் மேடம்."

"எழுதி முடிச்ச அத்தியாயத்தை வெச்சுக்கிட்டு ஏம்மா இப்படிப் பண்ற?" கோபம் இல்லை. களைத்துப்போன குரலாக இருந்தது. "உன் இலை வேலை செய்யலன்னும் சொல்ல முடியாது. செஞ்சுதுன்னும் சொல்ல முடியாது."

"என்ன பண்ணட்டும் மேடம்?"

"நாலாவதை எடுத்துட்டா அத்தியாயத்துல ஒண்ணுமே இல்ல. ஒண்ணுமே இல்லாததைக் கொடுத்தா மதிப்பீட்டாளர் திருப்பி அனுப்புவார். வெச்சுக் கொடுத்தா பாஸ் ஆயிடும். யாரும் உன் வீட்டுக்கு வந்து கிண்ணத்தைத் தேட மாட்டாங்க." கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். "நான் சொல்றதைக் கேட்டு முடிவு பண்ணாத. என் பேரும் அதுல இருக்கு. அதனால என்னால சரியா சொல்ல முடியல."

அவர் ஒரு முடிவு சொல்லிவிடுவார் என்று நம்பித்தான் போயிருந்தேன். பஸ்ஸில் திரும்பும்போது, வைத்துக் கொடுத்துவிடலாம் என்று பாதி வழி வந்தேன். எடுத்துவிடலாம் என்று மீதி வழி. மந்தாரக்குப்பத்தில் இறங்கவேண்டிய கூட்டம் இறங்கும்போது மறுபடி முதல் முடிவுக்கே வந்துவிட்டிருந்தேன்.

கணவரிடம் சொன்னேன். "நீட்டிப்பு கேட்டா ஆறு மாசம் கிடைக்கும். அதுக்கு மேல கிடைக்காது."

"ஆறு மாசத்துல கண்டுபிடிச்சுடுவியா?"

"தெரியல."

"கண்டுபிடிக்கலன்னா பட்டம் இல்ல?"

"இல்ல."

"இப்பக் கொடுத்தா உண்டு?"

"அநேகமா உண்டு."

தரையில் உட்கார்ந்து மகளின் காலுறையைப் போட முயன்றுகொண்டிருந்தார். அவள் ஒன்றைப் போட்டால் மற்றதைக் கழற்றினாள். "பெல்ட்ல ஒரு இடத்துல சத்தம் வந்தா, எதனாலன்னு தெரியாம நாங்க ஓட்ட மாட்டோம். ஆனா சில நாள் ஓட்டவும் சொல்லுவாங்க, ஓட்டுவோம்" என்றார். இதை எந்தப் பக்கம் எடுத்துக்கொள்வது? கேட்டேன். "எனக்கும் தெரியலம்மா" என்றார்.

மறுநாள் நாலாவது படலத்தை அத்தியாயத்திலிருந்து எடுத்தேன். துணிந்து எடுத்தேன் என்று சொல்ல முடியாது. அந்த வரைபடத்துக்குக் கீழே 'இலைப் பதிவினால் ஏற்பட்ட உயர்வு' என்று நானே தட்டச்சு செய்திருந்த வரியைத் திரும்பப் படிக்கும்போதெல்லாம் இலைதானா என்ற கேள்வி வந்துகொண்டே இருந்தது. அது நின்றால் போதும் என்றுதான் எடுத்தேன்.

நீட்டிப்புப் படிவத்தில் 'காரணம்' என்ற இடத்துக்கு இரண்டு வரி விட்டிருந்தார்கள். நான்குமுறை எழுதி அடித்தேன். கடைசியில் இப்படி எழுதினேன்: 'ஒரு மாதிரி என் வீட்டில் ஒருநாள் மூடப்படாமல் இருந்தது. அதன்மேல் என்ன விழுந்தது, அது ஒளியை எவ்வளவு மாற்றியது என்பது தெரியவில்லை. மீண்டும் செய்து பார்க்க வேண்டும்.'

அலுவலகப் பிரிவில் இருந்தவர் அதைப் படித்துவிட்டு, என்னை ஒருமுறை பார்த்து, மறுபடி படித்தார்.

"என்னம்மா இது? வீட்ல மூடலன்னெல்லாம் எழுதியிருக்கீங்க?"

"அதுதான் சார் காரணம்."

"கைக்குழந்தை இருக்குன்னு சொன்னீங்கல்ல? உடல்நிலைன்னு ஒரு வார்த்தை போடுங்க. கேள்வியே வராது. இதைப் போட்டா கமிட்டிக்குப் போகும். அவங்க என்னன்னு கேப்பாங்க."

அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். இன்னொரு வெற்றுப் படிவத்தையும் எடுத்து என் பக்கம் தள்ளினார். பேனாவைத் திறந்துகொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் வரிசையில் இரண்டு பேர் இருந்தார்கள். மகளுக்கு உடல்நிலை நன்றாக இருந்தது. எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. உடல்நிலை என்று எழுதினால் அது உண்மையாகிவிடுமோ என்று வேறு ஒரு பயம் வந்தது.

"இதே இருக்கட்டும் சார்" என்றேன்.

"உங்க இஷ்டம்" என்று முத்திரை குத்தி ஒரு காகிதக் கட்டோடு வைத்தார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, திரும்பிப் போய் மாற்றிக் கொடுத்துவிடலாமா என்று இரண்டுமுறை அந்தக் கட்டடத்தைப் பார்த்தேன். பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டேன். கமிட்டியிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. நேற்றுக் காலை ஆறு இலை பறித்து, ஒவ்வொன்றின் காம்பிலும் நூல் கட்டி, விரிந்து எத்தனை நாள் ஆகிறது என்று சீட்டு எழுதினேன். மூன்றாவது இலைக்கு ஐந்து நாளா ஆறு நாளா என்று சரியாகத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே அந்தச் சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.